மூத்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார்? ஹன்சார்ட்டில் தேடிப் பார்க்கும் முறை

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் பாராளுமன்றப் பக்கத்தை நான் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு டிசம்பர் மாலை, வரவு செலவுத் திட்டத்தின் இறுதி வாக்கெடுப்பு முடிந்தபோது பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடமே இருந்தது. அன்று முற்பகலில் மூத்த தமிழ் உறுப்பினர் ஒருவர், காணி விடுவிப்பிலும் கைதிகள் விடயத்திலும் அரசாங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அரை மணி நேரம் முழங்கியிருந்தார். அந்தப் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால், எதிர்த்து வாக்களித்தோர் வரிசையில் அவருடைய பெயரையும் நானாகவே சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை அவரே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வாக்கெடுக்கிற நேரம் நான் சபையில இருக்கேல்ல" என்றார். மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் போடுவதாகச் சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம், நல்லாத்தான் எழுதியிருக்கிறீர், அப்பிடியே கிடக்கட்டும்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். திருத்தம் அடுத்த நாள் ஓரங்குல இடத்தில் வெளிவந்தது. அதன் பிறகு அவர் என்னை அழைத்ததில்லை.

பேச்சைக் கேட்டு வாக்கை ஊகிப்பது செய்தியாளருக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. பல தடவை பாராளுமன்றத்தில் இருந்த ஒருவர் அரசாங்கத்தைக் கடுமையாகக் குறைகூறினால், அவர் எதிராகத்தான் வாக்களித்திருப்பார் என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அது சரியா என்று பார்க்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஒரு கொப்பியும், ஹன்சார்ட் என்னும் பாராளுமன்ற விவாதப் பதிவைத் திறக்க இணைய இணைப்பும், சில மாலை நேரங்களும் போதும். ஆனால் வேலையைப் பேச்சிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் வாக்கெடுப்புகளைத் தெரிந்தெடுத்து, அவற்றில் அவருடைய பெயர் எங்கே இருக்கிறது என்று குறித்த பின்னரே அவருடைய பேச்சைத் தேடிப் படிக்க வேண்டும். மறுவழியாகப் போனால் நல்ல பேச்சாளர் உங்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

எந்த வாக்கெடுப்புகள்

எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால் இடையில் கைவிட்டுவிடுவீர்கள். நீண்ட காலம் சபையில் இருந்தவருக்கு, ஒரே கேள்வி வெவ்வேறு அரசாங்கங்களின் கீழ் திரும்பத் திரும்ப வந்த வாக்கெடுப்புகளையே தெரிந்தெடுங்கள். இலங்கையில் அதற்கு மிகவும் பொருத்தமானது நிறைவேற்று ஜனாதிபதியின் அதிகாரம் பற்றிய நான்கு அரசியலமைப்புத் திருத்தங்கள்: ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற தடையை நீக்கிய 18ஆவது திருத்தம், 2010 செப்டெம்பர் 8, அதைத் திருப்பி மாற்றிய 19ஆவது, 2015 ஏப்ரல் 28, அதிகாரத்தை மீண்டும் ஜனாதிபதியிடம் குவித்த 20ஆவது, 2020 ஒக்டோபர் 22, அதில் ஒரு பகுதியைக் குறைத்த 21ஆவது, 2022 ஒக்டோபர் 21. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே கதவு நான்கு தடவை திறந்து மூடப்பட்டது. அக்காலம் முழுவதும் சபையில் இருந்த ஒருவர் நான்கு தடவையும் என்ன செய்தார் என்று ஒரே வரியில் எழுதிப் பார்த்தால், அவருடைய நூறு பேட்டிகள் சொல்லாததை அந்த வரி சொல்லும்.

அந்த வரி எப்படி அமையும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லிவந்த கட்சிகள். 18ஆவது திருத்தத்துக்கு 161 வாக்குகள் சார்பாகவும் 17 வாக்குகள் எதிராகவும் விழுந்தபோது, அவற்றின் தலைவர்கள் 161 பேரில் இருந்தார்கள். 2020இல் இரட்டைக் குடியுரிமையுடையோர் பாராளுமன்றத்துக்கு வரலாம் என்ற ஏற்பாட்டை விமல் வீரவன்ச, வாசுதேவ நாணயக்கார, உதய கம்மன்பில ஆகியோர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். திருத்தத்துக்குச் சார்பாகவே வாக்களித்தார்கள். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 2010இல் 18ஆவதை ஆதரித்தது. 2020இல் அதன் தலைவர் ரவூப் ஹக்கீம் 20ஆவதை எதிர்த்து வாக்களிக்க, அவருடைய கட்சியைச் சேர்ந்த நால்வர் ஆதரித்து வாக்களித்தார்கள். மறுபுறத்தில், 2015இல் 19ஆவதுக்கு எதிராக வாக்களித்த ஒரே ஒருவர் சரத் வீரசேகர. 2022இல் 21ஆவதையும் எதிர்த்தவர் அவரே. அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனால் அவருடைய வரியில் அடித்தல் திருத்தல் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ் உறுப்பினர்களைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு வகை வாக்கெடுப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அவசரகால நிலையும் பயங்கரவாதத் தடைச் சட்டமும். 2005 ஓகஸ்டில் பிரகடனம் செய்யப்பட்ட அவசரகால நிலை 2011 ஓகஸ்ட் வரை மாதந்தோறும் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துடனே நீடிக்கப்பட்டுவந்தது. ஒருவர் எந்த மாதத்தில் எதிர்த்தார், எந்த மாதத்தில் வாக்கெடுப்பில் இல்லாமற்போனார் என்பதை வரிசையாகப் பார்க்க அதைவிட நல்ல பதிவு கிடையாது. மற்றது, ஆண்டுதோறும் வரும் வரவு செலவுத் திட்டம். 2015 தேர்தலுக்குப் பிறகு இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஆண்டுகளில், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு காணி, கைதிகள், காணாமலாக்கப்பட்டோர் விடயங்களில் அரசாங்கத்தைச் சபையில் குறைகூறிக்கொண்டே வரவு செலவுத் திட்டங்களை ஆதரித்தது. புதிய அரசியலமைப்பு முயற்சி குலைந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். ஆனால் பேச்சை ஒரு பக்கத்திலும் வாக்கை மறு பக்கத்திலும் எழுதாமல் அந்தக் காலத்தை மதிப்பிட முடியாது.

பெயர்ப் பட்டியலைக் கண்டுபிடித்தல்

பாராளுமன்ற விவாதங்களின் அதிகார அறிக்கைதான் ஹன்சார்ட். பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் அமர்வுத் திகதி வாரியாக அது கிடைக்கிறது. திகதியை அறியப் பழைய பத்திரிகைச் செய்தி போதும். பெயரையோ சொல்லையோ தட்டித் தேடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பழைய கோப்புகளில் தமிழ் எழுத்துரு ஒருங்குறியில் (யூனிகோட்டில்) இல்லாததால், கண்ணுக்கு முன்னே இருக்கும் சொல்லையே கணினி இல்லை என்று சொல்லிவிடும். கோப்பைத் திறந்ததும் முகப்பில் 'பிழை திருத்தப்படாதது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பின்னர் திருத்திய பதிப்பையும் எடுத்து ஒப்பிட வேண்டும். இணையத்தில் இல்லாத பழைய தொகுதிகளுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம்.

வாக்கெடுப்பு பெரும்பாலும் விவாதத்தின் கடைசியில் வரும் என்பதால், கோப்பைப் பின்னாலிருந்து புரட்டுவது என் வழக்கம். நீங்கள் தேட வேண்டிய வரி 'பாராளுமன்றம் பிரிந்தது: சார்பாக, எதிராக' என்று எண்களுடன் மூன்று மொழிகளிலும் அச்சாகியிருக்கும். அதையடுத்துப் பெயர்கள் வரும். சில நாட்களில் அந்த வரிக்குப் பதிலாக 'வினா விடுக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று மட்டும் இருக்கும். அது குரல் வாக்கெடுப்பு, அதில் யாருடைய பெயரும் இல்லை. உறுப்பினர் எவராவது பிரிவு கேட்டால்தான் மணி அடித்து, பெயர் பதிவாகும்படி வாக்கெடுப்பார்கள். கேட்க ஒருவரும் எழவில்லை என்றால், அன்று சபையில் இருந்த எதிரணியினர் அனைவரையும் பற்றி அதுவும் ஒரு தகவல்தான்.

இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்த 2024 ஜனவரி 24ஆம் திகதியைப் பாருங்கள். சட்டமூலத்தின் பொதுவான நோக்கத்தை ஏற்பதா என்று கேட்கும் இரண்டாம் மதிப்பீட்டில் 108 பேர் சார்பாகவும் 62 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். இறுதி வடிவத்தை ஏற்கும் மூன்றாம் மதிப்பீடு பெயர் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆகவே அந்தச் சட்டத்தின் இறுதி வடிவத்தை எதிர்த்து வாக்களித்தேன் என்று யாராவது மேடையில் சொன்னால், அதை நிரூபிக்கும் பெயர்ப் பட்டியல் கிடையாது. இரண்டாம் மதிப்பீட்டில் எதிர்த்தேன் என்று சொன்னால் உண்டு. இந்த வேறுபாட்டைப் பத்திரிகைகளே கவனிப்பதில்லை.

இரகசிய வாக்கெடுப்புகளை இந்த வேலையில் சேர்க்கவே முடியாது. 2022 ஜூலை 20ஆம் திகதி ஜனாதிபதியைத் தெரிவுசெய்தபோது ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 வாக்குகளும் டலஸ் அழகப்பெருமவுக்கு 82 வாக்குகளும் அநுரகுமார திசாநாயக்கவுக்கு 3 வாக்குகளும் கிடைத்தன. யார் யாருக்குப் போட்டார் என்பது பற்றி உறுப்பினர் சொல்வதும் பிறர் சொல்வதும் வெறும் பேச்சே.

வாக்கெடுப்பில் இல்லாதவர்கள்

இந்த வேலையில் அதிகப் பலன் தருவது இந்தப் பகுதிதான். நம்முடைய பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களிப்பதை விட, வாக்கெடுப்பு நேரத்தில் வெளியே போய்விடுவது சுலபம். கட்சிக் கொறடாவுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை, தொகுதி மக்களுக்கும் சொல்லத் தேவையில்லை. கட்சி உறுப்புரிமையை இழந்தால் ஆசனமும் பறிபோகலாம் என்ற அரசியலமைப்பு ஏற்பாடு தலைக்கு மேல் தொங்குவதால், அந்தச் சுலப வழியில் போகிறவர்களை முற்றாகக் குறைசொல்லவும் முடியாது.

ஆனால் நம்முடைய செய்திமொழி அவர்களை மறைத்துவிடுகிறது. '51 மேலதிக வாக்குகளால் நிறைவேறியது' என்று எழுதுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். 2022 மார்ச் 22ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் திருத்தம் அப்படித்தான் செய்தியாயிற்று. சார்பாக 86, எதிராக 35. கூட்டினால் 121. மொத்த உறுப்பினர்கள் 225 பேர் என்றால், நூறுக்கும் மேற்பட்டோர் அந்தப் பட்டியலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்ட அந்தச் சட்டத்தைப் பற்றி மேடைகளில் பேசாத உறுப்பினர் குறைவு. 2023 ஏப்ரல் 28ஆம் திகதி சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டுக்கு 120 சார்பாகவும் 25 எதிராகவும் விழுந்தபோதும் ஏறத்தாழ 80 பேர் கணக்கில் இல்லை. பிரதான எதிரணியான ஐக்கிய மக்கள் சக்தி வாக்களிப்பிலிருந்து விலகி நின்றது.

எனவே ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் இந்தக் கழித்தலைச் செய்யுங்கள். 225இலிருந்து சார்பு, எதிர் இரண்டையும் கழியுங்கள். சபைக்குத் தலைமை தாங்குபவர் வாக்குகள் சமமானால் மட்டுமே வாக்களிப்பார் என்பதால் இன்னும் ஒன்றைக் கழியுங்கள். அந்த நாளில் வெற்றிடமாக இருந்த ஆசனங்களையும் பாருங்கள். 2018 ஏப்ரல் 4ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையில் சார்பாக 76, எதிராக 122, வராதோர் 26. சபாநாயகரையும் சேர்த்தால் 225 சரியாக வந்துவிடும். 20ஆவது திருத்தத்தில் சார்பாக 156, எதிராக 65 என்பதால் 221 ஆகிறது. அப்போது ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் ஆசனமும், இன்னொரு சிறிய கட்சியின் தேசியப் பட்டியல் ஆசனமும் நிரப்பப்படாமல் இருந்தன. சபாநாயகரையும் நீக்கினால் மிஞ்சுவது ஒருவர். அந்த ஒருவர் மைத்திரிபால சிறிசேன. 19ஆவது திருத்தத்தை ஜனாதிபதியாக இருந்து கொண்டுவந்தவர், தம் கட்சியினர் அதைக் குலைக்க வாக்களித்த இரவில் சபையில் இல்லை. 'வரவில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை அரசியல் அடங்கும் என்பதற்கு இந்தக் கழித்தலை நான் பலருக்குச் செய்து காட்டியிருக்கிறேன்.

இருந்தாலும் ஒரு நாள் வராமல் இருந்ததை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டக் கூடாது. நோய், வெளிநாட்டுப் பயணம், வீட்டில் ஒரு மரணம் எல்லாம் உறுப்பினருக்கும் நேரும். அதே நாள் ஹன்சார்ட்டில் அவர் காலையிலோ பிற்பகலிலோ பேசியிருக்கிறாரா என்று பாருங்கள். அன்று பேசிவிட்டு, அன்றே வாக்கெடுப்பில் இல்லாமற்போனதும், இது மூன்று நான்கு முக்கிய வாக்கெடுப்புகளில் திரும்ப நடந்ததும் கண்டால், அதைக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதலாம்.

பேச்சைப் படித்தல்

இப்போது பேச்சுக்கு வரலாம். ஹன்சார்ட்டில் ஒருவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும், மொழிபெயர்ப்பு இராது. மூத்த உறுப்பினர் பலர் மூன்று மொழியிலும் பேசுவார்கள், ஒரே பேச்சுக்குள்ளேயே மொழி மாறுவார்கள். தமிழில் நம்மவருக்குச் சொன்னதையும் சிங்களத்தில் அமைச்சரின் முகத்துக்கு நேரே சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அந்தப் பகுதியை மட்டும் காட்டுங்கள். கடுமை எந்த மொழியில் கூடுகிறது, எந்த மொழியில் தணிகிறது என்பது சுவையான விடயம். 'அக்கிராசனக் கட்டளைப்படி அகற்றப்பட்டுள்ளது' என்ற அடைப்புக்குறிக் குறிப்பைக் கண்டால், அங்கே ஏதோ சொல்லப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்; அதைப் பத்திரிகை அறிக்கையை வைத்து நிரப்பி எழுத வேண்டாம்.

எந்த விவாதத்தில் பேசினார் என்பதும் முக்கியம். ஒரு பொதுப் பிரச்சினையைப் பேசுவதற்காகவே கொண்டுவரப்படும் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணையின் கீழ் நடக்கும் விவாதம் பெரும்பாலும் வாக்கெடுப்பில்லாமல் முடிந்துவிடும். அங்கே அரசாங்கத்தை எவ்வளவு கடுமையாகத் திட்டினாலும் செலவு ஒன்றும் இல்லை. வாக்கெடுப்புக்குப் போகும் சட்டமூலத்தின் மீது, வாக்கெடுப்பு நாளன்று பேசிய பேச்சுக்கே எடை கூடுதல். அதே போல, சபைக்குள் சொல்வதற்காக வழக்குப் போட முடியாது என்ற சிறப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. அதே குற்றச்சாட்டை வெளியே வந்து செய்தியாளர் மாநாட்டில் திரும்பச் சொன்னாரா என்றும் பாருங்கள்.

நடைமுறை பற்றிய வாக்கெடுப்புகளையும் விட்டுவிடாதீர்கள். 2022 மே 17ஆம் திகதி, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே எடுத்துக்கொள்ள சபை நடத்தும் விதிகளான நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்த வேண்டும் என்று எம். ஏ. சுமந்திரன் கேட்டார். 68 பேர் சார்பாகவும் 119 பேர் எதிராகவும் வாக்களித்ததால் அது தோற்றது. எதிர்த்தவர்களில், ஐந்து நாட்களுக்கு முன் பிரதமராகப் பதவியேற்றிருந்த ரணில் விக்கிரமசிங்கவும் ஒருவர். விவாதம் இன்று வேண்டுமா என்பதே அங்கே கேட்கப்பட்டது. அதிருப்தி உண்டா இல்லையா என்பது அல்ல. கொப்பியில் எழுதும்போது அந்த வேறுபாட்டோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் உறுப்பினர் உங்கள் முழு அட்டவணையையும் அந்த ஒரு தவறைக் காட்டித் தள்ளிவிடுவார்.

உறுப்பினர்களின் சபைச் செயற்பாட்டை ஹன்சார்ட்டைக் கொண்டு தொகுக்கும் மந்திரி.எல்கே தளம் தமிழிலும் இருக்கிறது. யார் எந்தப் பொருளில் எவ்வளவு பங்களித்தார் என்று விரைவாக அறிய அது நல்லது. ஆனால் தரவரிசையில் முன்னால் நிற்பவர் அதிகம் பங்களித்தவர் என்றே பொருள்; எப்படி வாக்களித்தார் என்பதை அது சொல்லாது.

அவரிடமே கேட்டல்

அட்டவணை முடிந்ததும் பொருந்தாத இடங்கள் மூன்றோ நான்கோ இருக்கும். அவற்றை மட்டும் எடுத்து, திகதி, சட்டமூலத்தின் பெயர், ஹன்சார்ட்டின் நிரல் எண், பேச்சிலிருந்து ஒரு வசனம் ஆகியவற்றோடு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள். 'கௌரவ உறுப்பினர் அவர்களுக்கு' என்றே தொடங்குங்கள், நக்கல் வேண்டாம். ஏன் மாறினீர்கள் என்று கேட்பதை விட, அன்றைய வாக்கெடுப்பில் உங்கள் நிலைப்பாட்டுக்கான காரணம் என்ன என்று கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். மனம் மாறியதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய பதிலையும் அப்படியே பதிவுசெய்யுங்கள். வருகைப் பதிவு போன்ற அலுவலகத் தகவல் தேவையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாராளுமன்றத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் முடிவுசெய்ய வேண்டும்.

என் கொப்பியில் ஐந்து நிரல்கள் உண்டு: திகதி, வாக்கெடுப்பு, அவர் சொன்னது, அவர் செய்தது, காரணம். கடைசி நிரலை உறுப்பினரின் சொந்த வார்த்தை கிடைத்த பிறகே நிரப்புவேன். முதலில் சொன்ன அந்த டிசம்பர் வாக்கெடுப்பின் வரியில் அது இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.